இரண்டு பேனா

காலை ஏழு பத்துக்குக் குன்வொர் கூப்பிட்டாள்.
"நேற்று நள்ளிரவோடு முடிந்துவிட்டது" என்றாள்.
யோவ்வா போய்விட்டார் என்றே நினைத்தேன்.
காகிதமாம்.

என் கையெழுத்துப் போட்ட காகிதம்.
ஓராண்டு ஆயுள்.
ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு மருந்து,
அவள் ஒருத்தியின் கை.
வேறு யாரும் அதைக் கடன் வாங்க முடியாது.
செல்லுபடியாகும் காகிதம் வைத்திருக்கிற இன்னொருத்தி
காய்ச்சலில் படுத்திருக்கிறாள்.

சென்ற வருஷம் முழுக்க
யோவ்வாவின் வயிற்றில் இன்சுலின் போட்ட கை,
அதே சமையலறை, அதே விளக்கு,
தூங்கி எழுவதற்குள் குற்றம் செய்யக்கூடிய கையாகிவிட்டது.

"போட்டுவிடவா? யாருக்குத் தெரியப்போகிறது?"
"எனக்குத் தெரியும்" என்றேன்.
சொன்ன பிறகு அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
செவ்வாய்க்கிழமையே பட்டியலில் அந்தத் தேதியைப் பார்த்தவள் நான்.
பார்த்துவிட்டுக் காபி எடுக்கப் போனவள்.

யோக்மோக்கிலிருந்து எழுபது கிலோமீட்டர்.
மைனஸ் முப்பத்தொன்று.
வண்டி ஓட்டிக்கொண்டே
மனித உடம்புக்கு எல்லைக்கல் நட்டுப் பார்த்தேன்.
விரல் நுனி குன்வொருடையது,
ஒரு சொட்டு வரைக்கும் யாரும் கேட்கமாட்டார்கள்.
முழங்கை மடிப்பின் நீலக்கோடு என்னுடையது,
நான் இல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்து லாஸ்ஸேவுடையது.
நடுவில் தோலுக்கடியில் ஒரு விரற்கடைக் கொழுப்பு,
அது புறம்போக்கு.
பட்டா எழுதிக் கொடுத்தால்தான் நுழையலாம்.

வளைவு தாண்டியதும் சாலை நிறையப் பனிமான்கள்.
உப்பை நக்கிக்கொண்டு நின்றன,
ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நக்கின.
இலையுதிர்காலத்தில் எண்ணூறு மானுக்கு
ஒற்றை ஆளாக ஊசி போட்டிருக்கிறார் யோவ்வா,
ஒட்டுண்ணிக்கு, பட்டிக்குள் ஓடவிட்டு.
ஒரு மானும் காகிதம் கேட்டதில்லை.
இப்போது அவர் கை
ஸ்பூனைக் கிண்ணத்தில் சேர்க்கவே படாதபாடு படுகிறது.

கதவைத் திறந்தேன்.
சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி
மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.
கஞ்சிக் கிண்ணத்தின்மேல் தட்டு கவிழ்த்திருந்தது.
நடுவே மடித்த துணியில் இன்சுலின் பேனா,
யாரும் தொடாமல்.

கை கழுவினேன். கழுவும்போதுதான் உறைத்தது:
நான் ஊசி போட்டு நாலு வருஷமாகிறது.
என் வேலை கற்றுக்கொடுப்பது, சோதிப்பது, கையெழுத்திடுவது.
"அவள் இடப்பக்கம் போடுவாள்" என்றார் யோவ்வா.
வலப்பக்கத்துச் சட்டையை இறக்கிவிட்டேன்.
"பத்து எண்ணுவாள். வாய்விட்டு."

எண்ணினேன்.
ஆறில் என் குரல் ஏனோ நின்றது.
ஏழு, எட்டு, ஒன்பது, பத்து
என்றாள் அடுப்படியிலிருந்து குன்வொர்.
எண்ணுவதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை.

பிறகு என் பேனா எழுதவில்லை.
வண்டியில் கிடந்து மை உறைந்துவிட்டது.
அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன்.
"இன்சுலினை நான் எப்போதும் மார்புக்குள்தான் கொண்டுவருவேன்"
என்றாள் குன்வொர், என்னைப் பார்க்காமல்.
மை உருகும்வரை கேள்விகள் கேட்டேன், விதிப்படி.
சர்க்கரை கீழே போனால்? கை நடுங்கி வியர்த்தால்?
இரண்டாவதுக்கு யோவ்வாவே பதில் சொல்லிவிட்டார்,
சரியான பதில்.
மதிப்பெண்ணை யாருக்குப் போடுவதென்று தெரியவில்லை.

தேதி எழுதப் போனபோது என் மணிக்கட்டைத் தட்டினார்.
"ஜனவரி போடாதே.
ஜூனில் முடியட்டும்.
சாலை நன்றாயிருக்கும்."

ஜூன் பன்னிரண்டு என்று எழுதினேன்.
ஏழு மாதம் குறைவு.
குன்வொர் தட்டை எடுத்தாள்.
ஆடை கட்டிய கஞ்சியைச் சூடாக்கவா என்று கேட்டாள்.
வேண்டாமென்று தலையசைத்து
அவர் ஸ்பூனைத் தேடத் தொடங்கினார்.